அனுப்பியவர்களும் பிடித்தவர்களும்

ஓடிடிஆர் என்பது ஃபைபருக்குள் ஒளியின் சிறு துடிப்பை (பல்ஸ்) அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து எந்தத் தூரத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும் கருவி. அதன் திரையில் கோடு இடமிருந்து வலமாகச் சீராக இறங்கிக்கொண்டே போனது. 4.2 கிலோமீட்டரில் ஒரு கனெக்டர்: கூரான முள், அதைத் தாண்டியதும் ஒரு சின்னப் படி இறக்கம். அதுவரை எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே. பிறகு 8.4 கிலோமீட்டரில் மறுபடி ஒரு முள், முன்னதைவிடக் குட்டையாக. அங்கே கனெக்டரும் கிடையாது, இரண்டு இழைகளை ஒட்டிய ஸ்ப்ளைஸும் கிடையாது. "சார், இங்க ஏதோ இருக்கு. பவரை ஏத்திப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்றான் உடன் வந்திருந்த இளைஞன். "ஏத்த வேண்டாம்ப்பா. முள்ளுக்கு முன்னாடி கோடு எந்த உயரத்துல இருக்கு, பின்னாடி எந்த உயரத்துல இருக்கு, அதை மட்டும் பாரு" என்றேன். இரண்டும் ஒரே உயரம். அந்த இடத்தில் ஒளி துளியும் குறையவில்லை. தூரமோ 4.2-இன் சரியாக இரண்டு மடங்கு. கனெக்டரில் பட்டுத் திரும்பிய ஒளி, கருவியின் வாயில் இருக்கும் கனெக்டரில் மோதி மறுபடி உள்ளே போய், மறுபடி திரும்பி வந்திருக்கிறது. தொழிலில் அதை கோஸ்ட், அதாவது பேய், என்பார்கள். பவரை ஏற்றினால் பேயும் சேர்ந்தே பெரிதாகும்.

அவன் உடனே புரிந்துகொண்டான். எனக்குத்தான் அந்த 'பவரை ஏத்திப் பார்த்தா' என்ற பேச்சு உள்ளே உட்கார்ந்துகொண்டு போக மறுத்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. தெரியவில்லையா, இன்னும் பலமாக அனுப்பு என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. கண்டுபிடிப்புகளின் வரலாற்றையும் நாம் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். மார்க்கோனி அனுப்பினார், ரேடாருக்குப் பலமான குறுகிய அலைகளைத் தரும் மேக்னட்ரான் வந்தது, லேசர் வந்தது. அனுப்பியவர்களுக்குத்தான் மாலை. நான் படித்தது ரேடார் சிக்னல் பிராசஸிங், பிழைப்பு ஃபைபரில். இரண்டிலும் கால் வைத்தவன் என்பதால் வெகுநாளாக ஒரு கட்சி கட்டிக்கொண்டிருக்கிறேன்: இந்த இரண்டு துறைகளிலும் உண்மையான திருப்பம் ஏற்பட்டது பெறும் முனையில்தான். கொஞ்சம் ஒருதலைப்பட்சமான கட்சிதான். இருந்தாலும் வாதாடிப் பார்க்கிறேன்.

முதலில் பவரின் கணக்கு. ரேடாரில் அலை போகும்போது ஒரு முறை விரிந்து மெலிகிறது, எதிரொலியாகத் திரும்பும்போது இன்னொரு முறை மெலிகிறது. ஆகவே திரும்பி வருவது தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. இரண்டு மடங்கு தூரம் பார்க்க வேண்டுமென்றால் 16 மடங்கு பவர் வேண்டும். கண்ணாடி இழையில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. 1960-களின் நடுவில் கிடைத்த இழைகளில் ஒரு கிலோமீட்டருக்கு 1000 டிபி அளவில் இழப்பு. அதாவது 1 போட்டு அதன் பின்னால் 100 பூஜ்யம் போட்டு, அத்தனை பங்கில் ஒரு பங்குதான் மறுமுனைக்கு வரும். சூரியன் ஒரு நொடியில் உமிழும் ஃபோட்டான் அத்தனையையும் உள்ளே தள்ளினாலும் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒன்றுகூடத் தலைகாட்டாது. லேசர் 1960-லேயே வந்துவிட்டது. அது வந்தும் கண்ணாடியில் ஒரு கிலோமீட்டர் போக வழியில்லை.

அதற்கும் 80 ஆண்டு முன்னால் அலெக்சாண்டர் கிரகாம் பெல் சூரிய ஒளியில் குரலை ஏற்றி 213 மீட்டர் தூரம் அனுப்பிக் காட்டினார். பேசினால் அதிரும் மெல்லிய கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கற்றை, மறுமுனையில் செலினியம். ஃபோட்டோஃபோன் என்று பெயர். தொலைபேசியைவிட இதையே தன் பெரிய கண்டுபிடிப்பாக அவர் நினைத்தார். ஒரு மேகம் குறுக்கே வந்தால் பேச்சு நின்றுவிடும்.

1904

இந்த ஆண்டை நினைத்தாலே எனக்கு ஒரு கிளர்ச்சி. அந்த மே மாதம் ஜெர்மனியின் கொலோன் நகரில், ரைன் ஆற்றுப் பாலத்தருகே கிறிஸ்டியன் ஹுல்ஸ்மேயர் என்ற இளைஞர் ஒரு கருவியை இயக்கிக் காட்டினார். ஆற்றில் கப்பல் வந்தால் அதன்மேல் பட்டுத் திரும்பும் ரேடியோ அலை ஒரு மணியை அடிக்கும். கப்பல் கடந்துபோனதும் மணி நிற்கும். ரேடார் என்ற பெயர் வருவதற்கு 30 ஆண்டுக்கும் மேல் முன்பே நடந்த காரியம் இது. கடற்படை அதை வாங்கவில்லை. காலத்தை முந்திய மேதை, கண் தெரியாத அதிகாரிகள் என்று இந்தக் கதையைச் சொல்வது எளிது. அவரிடம் இருந்த டிடெக்டரைப் பார்த்தால் கதை மாறும். அது கோஹரர்: உலோகத்தூள் அடைத்த குழாய். அலை பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரம் பாயும். அடுத்த சிக்னலுக்கு அதைத் தட்டித்தட்டிக் கலைக்க வேண்டும். வந்தது பலமாக வந்ததா மெலிதாக வந்ததா என்று அதற்குத் தெரியாது. எப்போது வந்தது என்பதும் நுணுக்கமாகத் தெரியாது. பெருக்கிக் காட்ட ட்ரையோடு குழாய் இன்னும் பிறக்கவில்லை. தூரத்தை நேரடியாக அளக்க அதனால் இயலவில்லை. ஹுல்ஸ்மேயரின் அனுப்பும் முனை தயார், பெறும் முனை காலியாக இருந்தது.

அதே 1904 மார்ச்சில், அவருக்கு முற்றிலும் தொடர்பில்லாமல், ஜகதீஷ் சந்திர போஸுக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. விண்ணப்பித்தது 1901-இல். கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தின்மேல் ஒரு உலோக முனையைத் தொட்டுவைத்த டிடெக்டர். குறைகடத்திக் கருவி ஒன்றுக்குக் கிடைத்த ஆரம்பகாலக் காப்புரிமைகளில் இதற்குத் தனி இடம் உண்டு. என்னை இழுப்பது அதன் இன்னொரு குணம். அந்தப் படிகம் ரேடியோ அலைக்கும் அசைந்தது, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அசைந்தது. போஸ் அதைச் செயற்கைக் கண் போலவே காட்டினார், நம் கண்ணுக்கு எட்டாததையும் பார்க்கும் கண். ஒளி, ரேடியோ என்று நாம் இன்று இரண்டு துறையாகப் பிரித்து, இரண்டு பாடமாகப் படித்து, இரண்டு விதக் கருவி வாங்குகிறோம். அவர் மேசைமேல் இரண்டும் ஒரே படிகத்தில் வந்து சேர்ந்தன. ஹுல்ஸ்மேயரிடம் கலீனா இருந்திருந்தால் ரேடார் 1904-லேயே வந்திருக்குமா? வந்திருக்காது. பெருக்கி இல்லை, நுண்ணொடிகளை அளக்கும் மின்சுற்றும் இல்லை. அப்படியும் இந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு விடவில்லை.

இதே சேர்க்கை 36 ஆண்டு கழித்து இன்னொரு முறை நடந்தது. 1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் கேவிட்டி மேக்னட்ரானை இயக்கினார்கள். 10 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அதுவரை யாரும் காணாத பவர். அதன் புகழ் உலகறிந்தது. அதே பிப்ரவரியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல், சிலிக்கான் துண்டு ஒன்றை அளந்துகொண்டிருந்தார். இத்தனை குறுகிய அலைகளைப் பிடிக்க வால்வுகள் ஒத்துவராது, பழைய படிக டிடெக்டருக்கே திரும்ப வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அந்தத் துண்டில் ஒரு விரிசல். அதன்மேல் விளக்கொளி பட்டபோது அரை வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் காட்டியது. உருகிய சிலிக்கான் குளிர்ந்து இறுகும்போது மாசுகள் பிரிந்து, ஒரு பக்கம் ஒரு வகையாகவும் மறு பக்கம் வேறு வகையாகவும் உறைந்திருந்தன. அந்த இரு வகைகளும் சந்திக்கும் எல்லையான பி-என் சந்தி கண்டறியப்பட்டது அப்படித்தான். ரேடியோ அலையைப் பிடிக்கும் பொருளைத் தேடப் போனவர் கையில் சூரிய மின்கலம் அகப்பட்டது. இன்று ஃபைபரின் நுனியில் உட்கார்ந்து ஒளியை மின்சாரமாக்கும் ஃபோட்டோடயோடு அந்த விரிசலின் வம்சம். மேக்னட்ரானைப் பற்றி எழுதப்பட்டதில் நூறில் ஒரு பங்குகூட அந்த விரிசலைப் பற்றி நான் படித்ததில்லை.

வடிவத்தைக் கைவிட்டவர்

இத்தனையும் பொருளைப் பற்றியது. என் கட்சியின் முக்கிய சாட்சி ஒரு கணக்கு. 1943 ஜூனில் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் டி.ஓ. நார்த் எழுதிய உள்சுற்று அறிக்கை. போர்க்காலம் என்பதால் அது சிலர் கையோடு நின்றது. பொதுவான ஆய்விதழில் மறுபதிப்பாக வந்தது 1963-இல். வான் விளெக், மிடில்டன் இருவரும் தனியாக இதே முடிவுக்கு வந்து 1946-இல் வெளியிட்டார்கள். மேட்ச்டு ஃபில்டர் என்று இன்று எந்த மின்னணுவியல் மாணவனைக் கேட்டாலும் சூத்திரத்தை ஒப்பிப்பான். நானும் ஒப்பித்தவன்தான். அதில் எத்தனை பெரிய துறவு இருக்கிறது என்பது ஓடிடிஆரோடு காலம் தள்ளிய பிறகுதான் உறைத்தது.

அதுவரை ரேடியோப் பொறியாளர்களின் தர்மம் ஒன்றே: அனுப்பியதை அனுப்பியபடி மறுமுனையில் தர வேண்டும். பேச்சு, பாட்டு, எதுவானாலும் வடிவம் கெடக்கூடாது. ரேடாரிலும் அதே பழக்கத்தோடு நுழைந்தார்கள். சதுரமாக ஒரு பல்ஸ் அனுப்பினோம், சதுரமாகவே திரும்பி வர வேண்டும். சதுரத்தின் மூலைகள் மழுங்காமலிருக்க ரிசீவரின் அலைவரிசை அகலமாக இருக்க வேண்டும். அகலத் திறந்தால் இரைச்சலும் அகலமாக உள்ளே வரும். சரி, குறுக்கினால் இரைச்சல் குறையும், பல்ஸ் கரைந்து தேய்ந்துவிடும். எங்கே நிறுத்துவது? அனுபவசாலிகள் கைப்பழக்கத்தில் ஓர் அளவை வைத்துக்கொண்டிருந்தார்கள். நார்த் கேள்வியையே மாற்றினார். பல்ஸ் பார்க்க எப்படி இருந்தால் எனக்கென்ன? அதன் வடிவம் எனக்கு ஏற்கெனவே தெரியும், அனுப்பியவனே நான்தானே. எனக்குத் தெரியாதது ஒன்றுதான்: அது வந்ததா, வந்திருந்தால் எந்த நொடியில்? ஆகவே ஏதாவது ஒரு நொடியில் மட்டும் சிக்னல் இரைச்சலைவிட முடிந்த மட்டும் தலை தூக்கி நிற்க வேண்டும். மற்ற நொடிகளில் அது எப்படிச் சிதைந்தாலும் கவலையில்லை.

இதற்கான விடை, அனுப்பிய பல்ஸையே காலத்தில் தலைகீழாகத் திருப்பி வடிகட்டியாக வைப்பது. அந்த வடிகட்டிக்குள் சதுரப் பல்ஸ் போனால் முக்கோணமாக வெளிவருகிறது, நீளமும் இரட்டிப்பாகிவிடுகிறது. பழைய தர்மப்படி இது படுமோசமான ரிசீவர். ஆனால் முக்கோணத்தின் உச்சியில், அந்த ஒரு கணத்தில், இரைச்சலுக்கு மேல் அதைவிட உயரமாக வேறெந்த நேரியல் வடிகட்டியாலும் நிற்க முடியாது. சந்தைக்கூட்டத்தில் நம் பிள்ளையின் குரல் மட்டும் காதில் விழுவதைப் போல. அந்தக் காது பேச்சின் பொருளைக் கேட்பதில்லை, அந்தக் குரல்தானா என்று மட்டும் பார்க்கிறது. செய்தித் தொடர்புக்கும் ரேடாருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. தொலைபேசியில் மறுமுனையில் என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரியாது, அதனால்தான் கேட்கிறோம். ரேடாரில் வரப்போகும் சேதி நமக்கு மனப்பாடம்.

கணக்கு அதோடு நிற்கவில்லை. அந்த உச்சியின் உயரத்தைத் தீர்மானிப்பது பல்ஸின் மொத்த ஆற்றலும் இரைச்சலின் அடர்த்தியும் மட்டுமே. பல்ஸின் வடிவத்துக்கும் அதில் பங்கில்லை, உச்ச பவருக்கும் பங்கில்லை. ஒரு மெகாவாட்டை ஒரு மைக்ரோநொடி கொடுத்தாலும் 1 ஜூல்தான், 10 கிலோவாட்டை 100 மைக்ரோநொடி கொடுத்தாலும் அதே 1 ஜூல்தான். பெறும் முனை சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றே. 'பவரை ஏத்து' என்பதற்கு இதைவிடக் கச்சிதமான மறுமொழியை நான் பார்த்ததில்லை.

நீளமான பல்ஸில் ஒரு தொல்லை உண்டு. அருகருகே இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஓடிடிஆரோடு பழகியவர்களுக்கு இது தினசரி அவதி: 10 நானோநொடி பல்ஸ் ஃபைபரில் 1 மீட்டரைப் பிரித்துக் காட்டும், ஆனால் தூரம் போகாது, 1 மைக்ரோநொடி பல்ஸ் தூரம் போகும், 100 மீட்டருக்குள் இருக்கும் இரண்டு ஸ்ப்ளைஸை ஒன்றாகக் காட்டும். நார்த்தின் கணக்கு இதற்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. வடிவம் எப்படியும் இருக்கலாம் என்றால், நீளமான பல்ஸுக்குள் அதிர்வெண்ணைக் கீழிருந்து மேலாகப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகலாமே? பொருத்தமான வடிகட்டி அதை ஒரு குறுகிய முள்ளாகச் சுருக்கிவிடும். நீளத்தின் ஆற்றல், குறுகலின் கூர்மை, இரண்டும் ஒருசேர. கிளாடர், பிரைஸ், டார்லிங்டன், ஆல்பர்ஷைம் நால்வரும் 1960-இல் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து இதை விரிவாக எழுதினார்கள். சிர்ப் ரேடார் என்ற பெயர் அதோடு நிலைத்தது. 1985-இல் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூரூவும் இதே உத்தியை லேசருக்குத் திருப்பினார்கள்: மிகக் குறுகிய ஒளிப் பல்ஸை முதலில் நீட்டி, நீண்ட நிலையில் பெருக்கி, கடைசியில் சுருக்குவது. நீட்டுவதற்கு அவர்கள் பயன்படுத்தியது 1.4 கிலோமீட்டர் ஃபைபர். 2018-இல் நோபல். ரேடார்க்காரர்களின் யோசனை ஃபைபர் வழியாக லேசருக்குப் போன இந்தப் பாதையை ஒரு வரைபடமாக வரைந்து மாட்ட வேண்டும் என்று நினைப்பேன்.

பத்து லட்சத்தில் ஒன்று

முக்கோணத்தின் உச்சி எழுந்துவிட்டது. அது எதிரொலிதான் என்று எந்த உயரத்தில் முடிவு கட்டுவது? இரைச்சலும் அவ்வப்போது எம்பிக் குதிக்கும். வரம்புக் கோட்டைத் தாழ்த்தினால் இல்லாத விமானங்கள் வரும். உயர்த்தினால் இருக்கும் விமானம் நழுவும். இரண்டு பிழையையும் ஒருசேரக் குறைக்க முடியாது, ஒன்றை இவ்வளவுதான் என்று கட்டிவைத்துவிட்டு மற்றதைக் குறைக்கலாம் என்று நெய்மனும் எகான் பியர்சனும் 1933-லேயே புள்ளியியலில் நிறுவியிருந்தார்கள். 1947-இல் ரேண்ட் நிறுவனத்தில் மார்க்கம் அதை ரேடாருக்குரிய அட்டவணைகளாகவும் வளைகோடுகளாகவும் போட்டுக்கொடுத்தார். அதுவரை ஒரு ரேடார் எத்தனை கிலோமீட்டர் பார்க்கும் என்று ஒற்றை எண்ணில் சொல்வார்கள். அதன்பின் இத்தனை நிகழ்தகவோடு, இத்தனை பொய் எச்சரிக்கைக்கு ஈடாக, இத்தனை கிலோமீட்டர் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இதில் எண்கள் ஏமாற்றும். பொய் எச்சரிக்கைக்கான நிகழ்தகவு பத்து லட்சத்தில் ஒன்று என்றால் யாரும் நிம்மதியாகத் தூங்கலாம் போலிருக்கும். ரிசீவரின் அலைவரிசை அகலம் 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் அது நொடிக்கு பத்து லட்சம் முறை 'இருக்கிறதா, இல்லையா' என்று கேட்டுக்கொள்கிறது. ஆக, நொடிக்கு ஒரு பொய் விமானம்.

இந்தப் பொய்களைச் சலிப்பது ஆரம்பத்தில் மனிதக் கண்ணின் வேலையாக இருந்தது. திரையின் பாஸ்பரம் மெதுவாக மங்கும். ஆண்டெனா சுற்றச்சுற்ற அதே இடத்தில் ஒளிர்வது உண்மை, இடம் மாறி மினுக்குவது இரைச்சல். கண் நன்றாகவே கூட்டிக் கழிக்கும், ஆனால் களைத்துவிடும். பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் காவலர்களுக்காக நார்மன் மேக்வொர்த் நடத்திய ஆய்வு 1948-இல் வெளிவந்தது. ஒரு முள் துள்ளித்துள்ளிச் சுற்றும், எப்போதாவது ஒரு முறை இரட்டைத் துள்ளல். அதைக் கண்டால் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகே தவறவிடுவது கூடிவிட்டது. பின்னாளில் வரம்புக் கோட்டை இயந்திரத்திடமே விட்டார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியைப் பார்த்துக் கோட்டை அதுவாக ஏற்றி இறக்கிக்கொள்ளும் முறை 1960-களில் முறைப்படுத்தப்பட்டது. அதற்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு: இரண்டு விமானம் நெருங்கிப் பறந்தால் ஒன்றின் எதிரொலி மற்றதன் சுற்றுப்புறச் சராசரியை உயர்த்தி, இரண்டையும் மறைத்துவிடலாம்.

கண்டறியும் விகிதத்தையும் பொய் எச்சரிக்கையையும் ஒரே தாளில் வரையும் வளைகோடு, ஆர்.ஓ.சி., ரேடாரிலிருந்து உளவியலுக்குப் போய், அங்கிருந்து எக்ஸ்-ரே படிக்கும் மருத்துவர்களிடம் போய்ச் சேர்ந்தது. இன்று இயந்திரக் கற்றல் படிக்கும் பிள்ளைகள் அதன் கீழே உள்ள பரப்பளவைக் கணக்கிடுகிறார்கள். பெயரின் முதல் எழுத்து ரிசீவரைக் குறிக்கிறது என்று சொன்னால் கொஞ்சம் வியக்கிறார்கள்.

கண்ணாடியை அளந்தவர்கள்

ஃபைபருக்கு வருகிறேன். சார்ல்ஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும் இங்கிலாந்தின் ஹார்லோவில் இருந்த ஆய்வுக்கூடத்திலிருந்து 1966 ஜூலையில் வெளியிட்ட கட்டுரை எல்லோருக்கும் தெரியும். கிலோமீட்டருக்கு 20 டிபி என்ற இலக்கும் தெரியும். அந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும் என்கிறது அது. 99 பங்கு தொலையட்டும், மிஞ்சியதை டிடெக்டர் பார்த்துக்கொள்ளும். எனக்கு அது பெறும் முனையில் உட்கார்ந்து யோசித்தவரின் எண்ணாகத்தான் படுகிறது. மற்றவர்கள் கண்ணாடி ஒளியைத் தின்கிறது என்று ஒதுக்கியபோது, தின்பது கண்ணாடியா, அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற மாசுகளா என்று காவ் பிரித்துக் கேட்டார்.

கேட்டுவிட்டால் ஆயிற்றா, அளந்து காட்ட வேண்டாமா? காவும் எம்.டபிள்யூ. ஜோன்ஸும் 1969-இல் தூய சிலிக்காவில் கிலோமீட்டருக்கு சுமார் 5 டிபிதான் இழப்பு என்று காட்டினார்கள். அவர்களிடம் கிலோமீட்டர் நீளத்தில் இழை இருக்கவில்லை, சின்னக் கண்ணாடித் தண்டுகளே இருந்தன. 20 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த நீளத்தில் இழப்பு வெறும் 0.001 டிபி. அதாவது உள்ளே போன ஒளியில் 0.023 சதவீதம். தண்டின் ஒவ்வொரு முகப்பிலும் பட்டுத் தெறித்து வீணாவதோ 3.5 சதவீதத்துக்கு அருகில். தேடும் பொருளைவிட அதை மறைக்கும் பொருள் முந்நூறு மடங்கு பெரிது. வெவ்வேறு நீளமுள்ள இரண்டு தண்டுகளில் ஒளியை விட்டு, இரண்டுக்கும் பொதுவான முகப்பு இழப்பு ஒன்றையொன்று தின்னும்படி கழித்தார்கள். நகரும் விமானத்தை மலைக்கு முன்னால் கண்டுபிடிக்க, அடுத்தடுத்த இரண்டு எதிரொலிகளைக் கழித்து அசையாத மலையை அழிக்கும் ரேடார் உத்திக்கும் இதற்கும் மனப்போக்கில் வித்தியாசமே இல்லை. 1970-இல் கார்னிங் நிறுவனத்தின் மாரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் 17 டிபி இழையை இழுத்ததைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதே. அந்த இழை கிடைக்கும் என்று துணிய வைத்தது ஓர் அளவீடு.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் கூப்பிட வேண்டும். எர்பியம் கலந்த இழைப் பெருக்கி. 1987-இல் சவுதாம்ப்டனில் டேவிட் பெய்னின் குழுவும், அதே காலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டெசர்வியரும் செய்துகாட்டியது. ஒளியை மின்சாரமாக்காமல் ஒளியாகவே பெருக்குவது. பவரை ஏற்று என்ற கட்சி முழுதாக வென்றது இங்கேதான். கடலடிக் கேபிள்களின் முகமே மாறிப்போனது. 1980-களில் நுட்பமான ரிசீவர்களை, பெறும் முனையிலேயே உள்ள லேசர் ஒன்றின் ஒளியோடு வரும் ஒளியைக் கலந்து, அதன் கட்டத்தையும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும்) சேர்த்துப் பிடிக்கும் கோஹரன்ட் ரிசீவர்களை, உருவாக்கிக்கொண்டிருந்தவர்கள் கடையை மூடினார்கள். இப்படிக் கலந்து பிடிப்பது ரேடியோவில் என்றோ வழக்கத்துக்கு வந்துவிட்ட முறை. ஏறக்குறைய 20 ஆண்டு கழித்து அதே ரிசீவர்கள் கணினிச் சில்லுகளோடு கைகோத்துத் திரும்பி வந்தன. கட்டம் கைக்கு வந்துவிட்டால், வழியில் ஃபைபர் பல்ஸை எப்படி விரித்துச் சிதைத்திருந்தாலும் கணக்குப் போட்டே அதைச் சுருக்கிவிடலாம். அதற்கு முன்பு நிலையங்களில் அந்த விரிவைச் சரிக்கட்ட, எதிர்க்குணமுள்ள ஃபைபரை உருளைகளில் சுற்றித் தட்டுதட்டாக அடுக்கி வைத்திருப்போம். கோஹரன்ட் வந்த புதிய தடங்களில் அவற்றுக்கு வேலையில்லை.

மிச்சமிருக்கும் சிதறல்

இன்றைய ஃபைபரில் 1550 நானோமீட்டரில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டிபிக்கும் குறைவு. நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்ச 100 கிலோமீட்டர் போகலாம். மாசு என்று சொல்ல அநேகமாக எதுவும் மிச்சமில்லை. மிஞ்சியிருப்பதில் பெரும்பங்கு ராலே சிதறல்: உருகிய கண்ணாடி உறையும்போது அதன் அடர்த்தியில் உறைந்துபோன நுண்ணிய ஏற்ற இறக்கங்கள். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிராக அது குறையும் என்பதால் 850 நானோமீட்டரைவிட 1550-இல் சுமார் 11 மடங்கு குறைவு. அலைநீளத்தை இன்னும் ஏற்றினால் கண்ணாடியே அகச்சிவப்பை விழுங்கத் தொடங்கிவிடும். ஆகவே இது தரை. இதற்குக் கீழே கண்ணாடியைத் தோண்டுவது கடினம்.

ஓடிடிஆர் படிப்பது இந்தத் தரையைத்தான். சிதறியதில் மிகச் சிறு பங்கு பின்னால் திரும்பி வருகிறது. பார்னோஸ்கியும் ஜென்சனும் 1976-இல் அதை நேரம் வைத்து அளந்தால் ஃபைபரின் ஒவ்வொரு மீட்டரும் தன் நிலையைச் சொல்லும் என்று காட்டினார்கள். கண்ணாடி முழுத் தூய்மையாக, சிதறலே இல்லாமல் இருந்திருந்தால், கனெக்டர்களின் முட்களுக்கு நடுவில் திரை இருட்டாகவே இருக்கும். இழப்புக் கணக்கில் எழுதியதுதான் இங்கே சிக்னல். இதிலும் பொய் உண்டு. சில ஸ்ப்ளைஸ்களில் கோடு இறங்குவதற்குப் பதில் ஏறும், ஒட்டிய இடத்தில் ஒளி கூடிவிட்டதைப் போல. உண்மையில் அடுத்த ஃபைபர் கொஞ்சம் அதிகமாகச் சிதறடிக்கிறது, அவ்வளவே. மறுமுனையிலிருந்தும் ஒரு முறை பார்த்துச் சராசரி எடுத்தால் உண்மை இழப்பு வெளியே வரும். புதியவர்கள் எல்லோரையும் இது ஒரு நாளாவது குழப்பும்.

இப்போது இதிலும் கோஹரன்ட் வந்துவிட்டது. திரும்பி வரும் ஒளியின் கட்டத்தையும் படித்தால், பூமிக்கடியில் கிடக்கும் பழைய கேபிள் பல கிலோமீட்டர் நீளத்துக்கு அதிர்வை உணரும் காதாகிவிடுகிறது. நிலநடுக்கங்களைப் பதிவு செய்கிறார்கள். குழாய்ப்பாதைகளுக்கும் வேலிகளுக்கும் காவல் வைக்கிறார்கள். விளம்பரங்களில் காலடி ஓசை, மண்வெட்டி, எல்லாம் கேட்கும் என்கிறார்கள். கேட்கத்தான் கேட்கிறது. அப்படிப்பட்ட கருவி ஒன்றின் சோதனை ஓட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காற்று, மழை, தொலைவில் போகும் லாரி எல்லாவற்றுக்கும் அது அலறியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் முதலில் ஒலியைக் குறைத்தார்கள், பிறகு சிவப்பு விளக்கை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். கருவியின் கையேட்டில் கண்டறியும் விகிதம் 95 சதவீதத்துக்கு மேல் என்று அச்சிட்டிருந்தது. எத்தனை பொய் எச்சரிக்கைக்கு ஈடாக என்ற வரி எங்கேயும் இல்லை. வரம்புக் கோட்டை எங்கெங்கே வைத்தால் இரண்டும் எப்படி மாறும் என்று முழு வளைகோட்டையும் அனுப்பச் சொல்லி எழுதிக் கேட்டேன். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. அழகான வண்ணத்தில் அச்சிட்ட வரைபடம், நடுவில் ஒரே ஒரு புள்ளி.